அம்மா எங்களோடுதான் இருக்கிறாள்

விசாரணைக்கு வந்தவனுக்குக் கொடுக்கும் இந்தப் பார்லித் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. என் மனைவி சோன்ஜு போட்டால் எப்போதும் தீய்த்துவிடுவாள்.

அவளை இதில் இழுக்காதீர்கள். பணக்காரர்கள் வாழும் கங்னமில் வீடு வேண்டும் என்று நச்சரித்தது அவள்தான். ஆனால் நச்சரிக்காத மனைவி சியோலில் யாருக்கு வாய்த்திருக்கிறாள்? மகள் தஹேவுக்கு நல்ல பள்ளி வேண்டும். அந்தப் பள்ளி அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும். அங்கே வீடு வாங்க என்னைப் போல மூன்று பேர் உழைத்தாலும் போதாது. புது அடுக்குமாடியில் அரசு விலையில் ஒதுக்கீடு கிடைத்தால் ஏதோ எட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டும். வயதான பெற்றோரை மூன்று வருடம் கூட வைத்துக் காப்பவனுக்கு மதிப்பெண் கூடும்.

அம்மா தெற்கே கோஹங்கில் பூண்டுத் தோட்டத்தோடு கிடந்தாள். எங்கள் வாடகை வீட்டில் அவளுக்குக் கால் நீட்ட இடமில்லை. அதனால் பெயரை மட்டும் எங்கள் முகவரிக்கு மாற்றினேன்.

"பேரு எங்க இருந்தா என்னப்பா, ஆளு இங்க பூண்டு உரிச்சிக்கிட்டுக் கெடப்பேன்" என்று சிரித்தாள்.

ஒரே ஒரு சிக்கல். ஒதுக்கீடு கிடைத்ததும், அந்தப் பெற்றோர் எந்த ஊரில் வைத்தியம் பார்த்தார்கள் என்று உங்கள் ஆட்கள் தோண்டுவார்கள். கோஹங்கில் ஊசி போட்டுக்கொள்கிறவள் சியோலில் எப்படி வசிப்பாள்? ஊரில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன். மூட்டுவலி மாத்திரைகளை நானே வாங்கி அனுப்பினேன். கடமையில் குறை வைத்ததில்லை.

மூன்று வருடம் கழித்து ஒதுக்கீடு கிடைத்தது. சரிபார்ப்பு நடந்த வாரத்தில் ஒரு காலை அம்மா அழைத்தாள்.

"இடது கை வெலவெலக்குதுப்பா. வாயும் கோணுதாம். பக்கத்து வூட்டு மால்சுன், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூப்புடுறா."

"அங்க வேணாம்மா. பஸ் ஏறி வந்துடு, இங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்."

பக்கத்து வீட்டு மால்சுன் சின்னம்மா ஃபோனைப் பிடுங்கினாள். "அவளுக்குப் பேச்சே குழறுது, பஸ்ல ஏத்தச் சொல்றியே! நீயெல்லாம் புள்ளையாடா?"

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "வுடுடி. புள்ளைக்கு வூடு வருது. கெடுத்துப்புடாத."

அம்மாவுக்கு எப்போதும் நல்ல புரிதல் உண்டு. எனக்குப் பெருமையாக இருந்தது.

வழியில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அம்மாவின் ஃபோனில் ஓட்டுநர் அழைத்தார். "சார், உங்கம்மா எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?"

"இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?"

அவர் சொன்ன ஊர் கோஹங்குக்குத்தான் கிட்டே. அங்கே சேர்த்தால் என்ன கேள்வி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

"அவங்களுக்கு பஸ்னாலே அப்படித்தான், அண்ணே. தூங்கட்டும்."

நிலையத்தில் சூடான கஞ்சியோடு காத்திருந்தேன். அவள் குடிக்கவில்லை. சியோல் மருத்துவமனையில்தான் இறந்தாள். உங்கள் ஆட்களுக்கு அப்போது எந்தச் சந்தேகமும் வரவில்லை. மால்சுன் சின்னம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றும் வந்திருக்காது.

புது வீட்டில் வெயில் விழும் அறையை அவளுக்கென்றே விட்டிருக்கிறோம். அவள் படத்துக்கு முன்னால் பேரிக்காய் வைக்கிறோம். தஹே பள்ளிக்குக் கிளம்பும்போது கும்பிட்டுவிட்டுத்தான் போகிறாள். அன்று ஓட்டுநரிடம் சரி என்று சொல்லியிருந்தால் அம்மா பிழைத்திருப்பாள். தெரிந்துதான் வேண்டாம் என்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அம்மா எங்களோடு வசிக்கவில்லை என்று வாக்குமூலத்தில் மேலே எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்.