பதில் வெளிச்சம் காட்டாத மழைக்கோட்டு

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், சென்ற வெள்ளிக்கிழமை இரவு பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் விறைப்பாக நின்று காவல் காத்தவருக்குத் தலை கிடையாது. அந்த இடத்தில் கூடைப்பந்து இருந்தது. இப்படி நான் தொடங்கியதும் வளாகக் காவல் நிலைய அதிகாரி, "தம்பி, முதல்ல நீ யாருன்னு சொல்லு, பந்து அப்புறம் உருளட்டும்" என்றதால் சொல்கிறேன். வயது பதினெட்டு. முதலாமாண்டு மாணவன். இருப்பது விடுதியின் மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய அறை. கூப்பிடும் பெயர் வௌவால். இருட்டு எனக்குச் சொந்த வீடு மாதிரி என்று நானே சொல்லிச் சொல்லிச் சம்பாதித்த பெயர்.

என் அறைத் தோழர்கள் இருவரும் அன்று நகரத்துக்கு நடனமாடப் போயிருந்தார்கள். கடைசிப் பேருந்தில் இறங்கி நூலகத்துப் பின்வழியாகத்தான் வருவார்கள் என்பதால் அவர்களை அலற வைக்க முடிவு செய்தேன். அதன் பிறகு நாடகக் குழுவின் பெட்டியிலிருந்து காவலர் மழைக்கோட்டு ஒன்றை எடுத்து, துடைப்பக் கட்டையில் மாட்டி, மேலே பந்தைச் செருகி, தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டேன். அங்கே காவல் பார்ப்பவர் எங்கள் காவலர் அக்கா. இரவில் தனியாக நடக்கப் பயப்படும் மாணவர்கள் போன் செய்தால் கூடவே நடந்து கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. அவர் கதவுகளின் பூட்டை இழுத்துப் பார்க்க முன்பக்கம் போனபோது, அவருடைய காவல் கூண்டுக்குப் பக்கத்தில் பொம்மையை நிறுத்தினேன். தூறல் விழுந்தது. அதன் பிறகு பக்கத்துச் சைக்கிள் கொட்டகையில் ஒளிந்துகொண்டு, பயமாக இருக்கிறது என்று அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் முன்பக்கச் சாலை வழியாகவே வந்து என்னை விடுதி வாசலில் விட்டார். கொட்டகை மறைத்ததால் பொம்மையை அவர் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில் ரோந்து மேற்பார்வையாளர் வண்டியில் வந்திருக்கிறார். அவர் முகப்பு விளக்கை அணைத்துப் போட்டால், காவலில் இருப்பவர் டார்ச்சை உயர்த்திப் பதில் வெளிச்சம் காட்ட வேண்டும் என்பது முறை. பொம்மை காட்டவில்லை. மழையில் இறங்க மனமில்லாத அவர் ஜன்னல் வழியாகவே, "என்னம்மா, நின்னுக்கிட்டே தூக்கமா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று கத்தினாராம். பொம்மை அதற்கும் அசரவில்லை. பின்னால் நடந்து வந்த என் தோழர்கள் முழுவதையும் கேட்டு, வண்டி போனதும் தொப்பியைத் தூக்கிப் பார்த்து, விடுதிவரை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அதன் பிறகு அக்காவின் பேரில், காவலில் அலட்சியம், மேலதிகாரியிடம் திமிர் என்று புகார் போனது. திட்டு வாங்கியது பந்து என்று தெரிந்ததும் மேற்பார்வையாளர் புகாரை மாற்றி, அக்காவும் நானும் சேர்ந்து அவரைக் கேலி செய்ததாக எழுதினார். அதற்கு ஆதாரமும் நான்தான். "பயந்த மாதிரி நடிச்சேன் பாரு, அக்கா ஓடி வந்துட்டாங்க!" என்று சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதிகாரி, "நடிப்புன்னா, காவலை விட்டுட்டு உன்கூட வந்ததுல அந்தம்மாவுக்கும் பங்குன்னுதான் ஆகும், வேலை போயிடும். நிஜமா பயந்தியா, சொல்லு" என்றார். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே வரும்போது, "அன்னைக்கு நனைஞ்சியே, ஜுரம் கிரம் வரலியேடா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஆகவே சொல்கிறேன். நடிப்பு இல்லை. காற்றில் அந்த மழைக்கோட்டின் கை மெல்ல எழுந்து என்னைக் கூப்பிட்டது. அது நானே மாட்டிய கோட்டு என்று தெரிந்தும் கால் நடுங்கிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் விடுதிவரை நடந்தேன். வழி நெடுக அவர் தன் மகன் நீச்சல் கற்ற கதையைச் சொன்னார், நன்றாக இருந்தது.

இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி. படித்துக் காட்டியபோது, 'நடுங்கி' என்பதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "எடுத்துடலாம். வேலை போச்சுன்னு அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லிடு" என்றார் அதிகாரி. இருக்கட்டும் சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.