சொந்தக்காரிகிட்ட யாரு சொல்லுவா?

...அந்த நாற்காலியெல்லாம் மறுபடி அடுக்கிடலாம் விடும்மா. யாரும் வரப்போறதில்ல. வாசலையே பாத்துக்கிட்டு நின்னா வந்துடுவாங்களா? நேத்தும் இப்படித்தான், கூடத்தப் பெருக்கி, டீ போட்டு, பிஸ்கட்டத் தட்டுல பரப்பி... கடைசில நானும் நீயுமே தின்னு தீத்தோம். இந்தா, டீயக் குடி. அய்யய்யோ, வெளிய ஊத்திட்டேனா? டம்ளரு சின்னது, அதான்.

உனக்கு முன்னாடி இங்க சமூகப் பணியாளரா ஒரு தம்பி இருந்தான். வெளியூரு. பசுவுக்கும் காளைக்கும் வித்தியாசம் தெரியாது. வயக்காட்டுப் பாதையில வண்டிய விட்டு சேத்துல மாட்டிப்பான், இழுக்க டிராக்டர் போகும். ஆனா அவன்கிட்ட கஷ்டத்தச் சொல்ல இந்தக் கூடத்து வாசல்ல கூட்டம்னா கூட்டம்! பால்காரர் பொண்டாட்டி அழுவா, டிராக்டர்காரர் அழுவாரு, வாத்தியாரே அழுவாருன்னா பாத்துக்கோயேன். ஏன்? அவனுக்கு இங்க யாரையும் தெரியாது, எங்க போய் சொல்லப்போறான்! இந்த ஊரு ஆளுங்க அப்படித்தான். பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட குடும்பக் கதை மொத்தத்தையும் கொட்டுவாங்க. கூடப் பொறந்தவன் கேட்டா, 'நல்லாருக்கோம்'பாங்க.

நீ என்னடான்னா, வெளியூர்ல வளந்தாலும் இந்த ஊரு பொண்ணு! உங்கம்மா பொறந்த வீடு பால்பண்ணைக்குப் பின்னால. பாதி ஊரு உனக்கு மாமா, சித்தி, பெரியம்மா. புருஷன் குடிக்கிறான்னு உன்கிட்ட சொன்னா, விடியறதுக்குள்ள போன்ல உங்கம்மா காதுக்குப் போயிடும்னு பயப்படுறாங்க. நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியணுமே! மீதிப் பாதி? உங்க தாத்தா வாய்க்காத் தண்ணிய தன் நிலத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாருல்ல, அந்தக் கோவம். மனுஷன் போய்ச் சேந்துட்டாரு, வாய்க்காலும் தூந்துபோச்சு, கோவம் மட்டும் அப்படியே பச்சையா இருக்கு.

அன்னிக்கு ஒரு நாள் பால்காரர் பொண்டாட்டி வந்தாளேன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! நீ 'என்ன கஷ்டம்?'னு கேக்குற, அவ 'உனக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?'ங்குறா!

நீ சொல்லியிருக்கவே கூடாது. வந்தன்னிக்கே 'நான் இன்னார் பேத்தி'ன்னு ஊரெல்லாம்... என்ன? நீ சொல்லலையா? யாருகிட்டயுமேவா? அப்ப யாரு...

இந்த டியூப்லைட்டு வேற எப்பப் பாத்தாலும் மங்கலா எரியுது. என்னது, நல்லாத்தான் எரியுதா?

சரி சரி, அப்படிப் பாக்காத. மொத நாளு வாசல்ல நின்னு 'யாராவது இருக்கீங்களா?'ன்னு கேட்ட பாரு... உங்கம்மா குரலு! எனக்கு மனசு தாங்கல. பேக்கரிக்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். கடையில கூட்டமா இருந்துச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? நம்ம பொண்ணுன்னா ஓடிப்போகாம நிலைச்சு இருப்பான்னு ஒரு ஆசைதாம்மா. ஆளு வரலைன்னா இந்த வேலையையே எடுத்துடுவாங்கன்னு நீ சொன்னதுலேருந்து நானும் பாக்குறவங்களையெல்லாம் வாங்க வாங்கன்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கேன்.

வா, பூட்டிட்டுப் போலாம். சாவி... இது இல்ல... இதுவும் இல்ல... நீயே போடும்மா.

எனக்கும்தான் சொல்ல ஒண்ணு இருந்துச்சு. உங்கம்மாவும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க, உன்கிட்ட எப்படி... ஒண்ணுமில்ல, விடு.

என்னையும் இழுத்துக்கிட்டு மறுபடி உள்ள எங்க போற? கதவ எதுக்கு உள்பக்கமா சாத்துற? என்னது? 'வாங்க, உக்காருங்க, உங்கள இதுக்கு முன்னாடி பாத்ததில்லையே, நீங்க யாரு'ன்னா கேக்குற? அடிப்பாவி! இத்தனை நாளு என் கையால டீ குடிச்சுட்டு... சிரிக்காதடி!

...

சரிங்க. நான் இந்தக் கூடத்துக்கு சாவி வச்சிருக்கிறவங்க. எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதுங்க. தெரிஞ்சா சாவிய வாங்கிடுவாங்களோன்னு பயமா இருக்குங்க. எனக்குக் கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தி இருக்கா, உங்களுக்கு அவளத் தெரியாது... அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.