பின் கதவில் பழுது இல்லை

காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. சலிப்பாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

என் வண்டியின் பின் கதவுக் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. பழுது என்பார்கள். சக்கரத்துக்கு இடம் விட்டு கதவின் அடிப்பகுதி வளைந்திருக்கிறது; முழுக் கண்ணாடியும் உள்ளே போக இடமில்லை. குழந்தை எட்டிப் பார்த்து விழாமலும் இருக்கும். அதே கதவின் விளிம்பில், மூடினால் மறைந்துவிடும் இடத்தில், ஒரு சின்ன லீவர் உண்டு. அதைக் கீழே தள்ளிவிட்டால் உள்கைப்பிடி வெறுமனே ஆடும். வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறந்துவிடக் கூடாதே என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

தொண்ணூற்றாறில் வண்டி வாங்கிய அன்றே இரண்டு பின் கதவிலும் அதைத் தள்ளிவைத்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பிறக்கும் என்றுதான்.

ஹெப்ரான் என் மனைவி ரீபாவின் அண்ணன். எப்போதும் பின் இருக்கையில்தான் உட்காருவார். ஞாயிறு ஆராதனைக்குப் போய் இறங்கும்போது, கோயில் வாசலில் சபையார் பார்க்க, உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டுவார்.

"வேதமுத்து மாப்ள, வந்து திறவும் வே. கதவு கோளாறு."

நான் விளக்குவேன்.

"பிள்ளையே இல்லாத வண்டிக்குப் பிள்ளைப் பூட்டா? கோளாறு கதவுலயா, உம்மகிட்டயா?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஒருமுறை ரீபாவும் சிரித்தாள். எனக்குக் கோபம் வராது. புரியாதவருக்கு இன்னொரு முறை விளக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று சேரன்மகாதேவியில் கல்யாண விருந்து. ரீபா அங்கேயே தங்கிவிட்டாள். மச்சான் வயிறு நிறையச் சாப்பிட்டுப் பின் இருக்கையில் தூங்கிப்போனார். வண்டியை ஆற்றில் இறக்கிக் கழுவுவது நம் பக்கத்து வழக்கம்தானே. முன்சக்கரம் நனையும்படி சரிவில் நிறுத்தினேன். அணை திறந்திருக்கிறார்கள் என்று விருந்திலேயே பேச்சு. மற்ற வண்டிகள் எல்லாம் கரையேறியிருந்தன. முன் இருக்கைகளை மெல்லப் பின்னால் சாய்த்தேன். அவருடைய பருத்த உடம்புக்கு நடுவே நுழைந்து முன்னால் வர வழியில்லை. ஹேண்ட்பிரேக்கின் நுனியில் ஒரு பொத்தான் இருக்கிறது. தவறிக் கைபட்டு பிரேக் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதை நான் அழுத்தினேன்.

வண்டி ஆற்றுக்குள் உருண்டது. கால் நனைந்ததும் விழித்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் அவர் கதவருகே நின்றேன்.

"ஏலே, திறலே. தண்ணி வருது."

"கோளாறு இல்லன்னு சொல்லுங்க மச்சான்."

"இல்ல மாப்ள. ஒரு கோளாறும் இல்ல. ரீபாவ நெனச்சுப் பாரும், திறவும்."

"அப்பம் அத எதுக்கு வச்சிருக்கான்?"

அவர் பாதி இறங்கிய கண்ணாடி வழியே கையை விட்டு வெளிக்கைப்பிடியைத் தேடினார். இத்தனை வருஷம் நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவே இல்லை, ஐயா. கைப்பிடியை என் கையால் மூடிக்கொண்டே முதலிலிருந்து மறுபடி விளக்கினேன். முடிப்பதற்குள் தண்ணீர் பாதிக் கண்ணாடியைத் தாண்டிவிட்டது.

இன்று காலை வண்டியைக் கரையேற்றினீர்கள். நீங்கள் வெளியிலிருந்து இழுத்ததும் கதவு திறந்தது. அப்படியும் கான்ஸ்டபிளிடம், "பாவம், கதவு கோளாறு" என்றீர்கள். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

மச்சானைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கதவு கோளாறு என்று மட்டும் எழுத வேண்டாம். வாருங்கள், அந்த லீவரைக் காட்டுகிறேன். புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்கிறேன்.