ஸரீனா கட்டிய பெட்டிகள்

— அந்தப் பெட்டிய கீழ வை, ஸரீனா. முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. யார்கிட்ட கேட்டு ஊடு மாறப் போறே?

— விலகுங்க, டேப் ஒட்டணும். குசினிச் சாமான் தனி, மர்வாட ஸ்கூல் சாமான் தனின்னு பெட்டிக்கு மேலயே எழுதிப் போட்டிருக்கேன். போற எடத்துல முதல் நாளைக்குத் தேவையானது இந்தப் பையில. கேத்தல், தேயிலை, தொழுற முஸல்லா, பிள்ளைட யூனிபோம். இந்தத் தடவயாவது மனுஷர் மாதிரி ஊடு மாறணும்.

— இப்ப யாரு நம்மள வெளிய போகச் சொன்னாங்க? சொல்லு பார்ப்போம்.

— இவ்வளவு நாளும் நம்மளப் போகச் சொன்ன ஊட்டுக்காரர் எல்லாரோடயும் சண்ட புடிச்சது நீங்கதான். உக்குவளையில தண்ணி டேங்குக்கு சண்ட. இரத்தோட்டையில பலா மரத்துக்கு சண்ட. நீங்க வாசல்ல நின்னு கத்துவீங்க, நான் உள்ளுக்க சாக்குல அள்ளிப் போடுவேன். என்ட உம்மா தந்த கோப்பை செட்டு லொறியிலேயே நொறுங்கிச்சு. மர்வா சப்பாத்து கிடைக்காம செருப்போட ஸ்கூலுக்குப் போனா. அப்ப நான் ஒரு வார்த்த பேசினேனா?

— அதத்தான் நானும் சொல்றேன். அப்ப பிழை என்னில. இந்தப் பலாபத்வலைக்கு வந்து ஒரு சண்ட உண்டா? பவாஸ் ஹாஜியார கூடப் பொறந்த மூத்தவர் மாதிரி நானான்னு கூப்பிடுறேன். பெருநாளைக்கு அவரோட ஒரே சஹன் தட்டுல குந்திச் சாப்பிட்டேன். ஜும்ஆவுக்குப் போனா பக்கத்துல எடம் வெச்சுத் தாறார். முதல் தடவயா ஒரு ஊட்டுக்காரர் என்ன மதிக்கிறார். அது உனக்குப் பொறுக்கல்ல.

— உங்களுக்கு மதிப்பு. எனக்குப் பெட்டி. சுவரெல்லாம் ஈரம், பிள்ளைக்கு இருமல்.

— சுவருக்கு அவரே ஆள் வெச்சு பூசித் தந்தார். வேற?

— ஸ்கூல் தூரம்.

— வேன் வாசலுக்கு வருது. வேற சொல்லு பார்ப்போம்.

— வேற ஒண்ணுமில்ல. அந்தக் கத்திரிக்கோலத் தாங்க.

— தர மாட்டேன். விடிய முந்தி தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்தப் போறவன் நான். களச்சுப் போய் ஊட்டுக்கு வந்தா ஹோல் முழுக்க பெட்டி. எனக்கு ஒரு வார்த்த சொல்லாம வஹகோட்டையில மார்ஜரி டீச்சர்ட ஊட்டோட ஒட்டின அனெக்ஸ வாடகைக்குப் பேசி முடிச்சிருக்கே. இந்த ஊட்டுல என்ன யாருன்னு நெனச்சே?

— கத்தாதீங்க. பிள்ள உள்ளுக்க இருக்கா.

— பிள்ளைக்கும் தெரியட்டும். பெட்டிகளத் திறந்து பார்த்தேன். உன்ட உடுப்பு இருக்கு, அவட உடுப்பு இருக்கு. என்ட சாரம் ஒண்ணுகூட இல்ல.

— உங்களோடத கடைசியா கட்டலாம்னு வெச்சேன்.

— பொய் சொல்லாத. சரி, ஹாஜியாரையே வரச் சொல்றேன். உனக்கும் அவருக்கும் என்ன மனஸ்தாபம்னு முகத்துக்கு நேரயே கேட்டுருவோம். என்ட ஃபோன் எங்க?

— வேணாம்.

— ஏன் வேணாம்?

— ஃபோன வைங்க. அந்த மனுஷன் இனி இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது.

— இனியா? இதுக்கு முந்தி எப்ப வந்தார்?

— நீங்க லொறிய எடுத்துக்கிட்டுப் போனதும். குசினிக் கதவத் திறந்துக்கிட்டு வந்தார். முதல் தடவ, பைப்பப் பார்க்க வந்தேன்னார். அடுத்த தடவ ஒண்ணும் சொல்லல்ல, நான் ரொட்டி சுடுறதப் பார்த்துக்கிட்டு நின்னார். நான் பிள்ளைட அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டேன். முந்தாநாள் அந்த அறை வாசலுக்கே வந்து என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டார்.

— குசினிக் கதவ நீ பூட்டல்லயா?

— பூட்டித்தான் இருந்திச்சு. அவர்கிட்ட சாவி இருக்கு.

— என்ன சாவி?

— நானும் அதத்தான் கேட்டேன். உங்கட புருஷன் என் கையில தந்ததுதானேன்னு சிரிச்சார்.

— யா அல்லாஹ். நோன்புல உன்ட உம்மா ஊட்டுக்குப் போனோமே, அப்ப குசினிப் பைப் ஒழுகிச்சு. சரிக்கட்டட்டும்னு குடுத்தேன். நல்ல மனுஷன், திருப்பிக் கேட்டா என்ன நெனப்பாரோன்னு விட்டுட்டேன். அவ்வளவுதான், ஸரீனா. ஏன் இத என்கிட்ட முதலே சொல்லல்ல? நான் அவன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருவேன்னு பயந்தியா?

— இல்ல. தெரிஞ்சுதான் சாவியக் குடுத்தேன்னு நீங்க சொல்லிருவீங்களோன்னு பயந்தேன்.