தீனாவின் அறைக் கணினி

யாராவது அந்த ஜன்னலைச் சாத்தினால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. எதிரே மேலாளர் ஜெகதீசன் உட்கார்ந்திருக்கிறார். போலீஸ் வருவதற்கு முன் என்னிடம் பேச வேண்டுமாம். நான் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில், மணலி புதுநகரில் வளர்ந்தவள் நான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் மொட்டைமாடிக்குக்கூடப் போகமாட்டேன். எனக்கு வாய்த்த வேலையோ எண்ணூரில் ஓர் அம்மோனியாக் கிடங்கில். அங்கே கணினிகள் என் பொறுப்பு.

அந்தக் கணினிகளில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் என் பயம்தான். பென்டிரைவைச் செருகியதும், அதற்குள் எத்தனை பகுதிகள், எது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கைக் கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னல் முதலில் படிக்கும். அந்தக் கணக்கு பொய்யாக இருந்தால், எங்கள் கெர்னல் அதை அப்படியே நம்பி, இல்லாத இடத்தைத் தேடிப்போய் உறைந்துவிடும். எல்லையைச் சரிபார்க்கச் சில வரிகள் எழுதினேன். பிழை தீர்ந்தது.

அம்மோனியா கசிந்தால் காட்டும் திரைக்கு முன்னால் உட்காருபவன் தீனா, பக்கத்து நெட்டுக்குப்பத்துக்காரன். அந்தக் கணினியிலேயே பென்டிரைவைச் செருகிப் பாட்டுக் கேட்பான். கூடாது என்றேன்.

"இன்னாக்கா, பாட்டுக்கெல்லாம் பயந்துகினு கீறே? வூட்ல மாஸ்க் போட்டுக்கினுதான் சாம்பார் தாளிப்பியா?"

அறையே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு மாஸ்க் அக்கா என்று பெயர்.

மற்ற எல்லாக் கணினிகளிலும் திருத்தத்தை ஏற்றினேன். தீனாவுடையதை விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் முடிந்தது என்றேன். அவன் ஒரே ஒரு தடவை பயப்பட வேண்டும், அவ்வளவுதான். திருத்தத்தைச் சோதிப்பதற்காகப் பொய்க் கணக்கு எழுதிய பென்டிரைவ் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் 'கானா' என்று ஸ்டிக்கர் ஒட்டி, அவன் டீ கிளாஸ் வைக்கும் இடத்தில் வைத்தேன்.

அவன் அதைச் செருகியது எனக்கு என் இடத்திலிருந்தே தெரிந்தது. அந்தக் கணினி எனக்குப் பதில் தருவதை நிறுத்திவிட்டது. அலறிக்கொண்டு ஓடிவருவான் என்று காத்திருந்தேன். போன்தான் வந்தது.

"அக்கா, மவுஸு ஸ்டக்காயிட்ச்சு. பச்சைதான் காட்டுது, நீ மெதுவா வா."

பச்சை என்றால் கசிவு இல்லை. ஆனால் அந்தப் பச்சை, திரை உறைவதற்கு முன் கடைசியாகத் தெரிந்த பச்சை. அவன் குரலில் பயமே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"பச்சைதானே, இரு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் நெடி வந்தது. எப்போதும் எனக்குத்தான் முதலில் வரும். எச்சரிக்கை மணி அந்தக் கணினி சொன்னால்தான் அடிக்கும். போனைக் கையில் எடுத்தேன். ஓடு என்று சொன்னால், மணி அடிக்காது என்று உனக்கு முன்பே எப்படித் தெரியும் என்று பிறகு கேட்பார்கள். போனை வைத்துவிட்டு என் அறை ஜன்னலைச் சாத்தினேன். மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன்.

தீனா தன் அறைக் கதவு வரைக்கும் வந்திருந்தானாம். உடலை அங்கேதான் எடுத்தார்களாம்.

ஜெகதீசன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஒண்ணை மட்டும் மறந்துட்டேன்னு சொல்லிடும்மா. மனுஷங்க மறக்கிறதுதானே. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மாட்டேன் என்று மெல்லத் தலையசைத்தேன்.

"அப்படிச் சொல்ல முடியாது, சார். என் வேலையில நான் ரொம்ப ஜாக்கிரதை."