சேர்க்காமல் விட்டது

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், ஃபாதர். டீ போட்டாலும் அந்தக் கரிப்பு போகாது. அதனால்தான் பாலத்தடிக் கடையில் உங்களுக்கு ஒரு சோடா வாங்கிவைத்தேன். வெயிலில் வந்தவருக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

ஆயர் இல்லத்திலிருந்து இவ்வளவு தூரம் அந்தப் புத்தகத்துக்காக வந்திருக்கிறீர்கள். பொன்னேரியில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கினேன். அட்டை கிடையாது. ஆண்டவரின் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் புத்தகம். திருத்தூதர் ஒருவர் எழுதியது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. விவிலியத்தில் சேர்க்காமல் விடப்பட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

என் மகன் ஆறு வயதில் காய்ச்சலில் போனான். உபதேசியாராக எத்தனையோ வீடுகளில் துக்கத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன்; என் வீட்டில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. நற்செய்திகளைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். தொழுவத்தில் குழந்தையாக இருக்கிறார். பன்னிரண்டு வயதில் கோவிலில் பெரியவர்களோடு பேசுகிறார். நடுவில் ஆறு வயது ஆண்டவர் எங்குமே இல்லை. இந்தப் புத்தகத்தில் இருந்தார். களிமண்ணில் குருவி செய்தார். அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். விறகு பொறுக்கப் போன அண்ணனைப் பாம்பு கடித்தபோது காயத்தில் ஊதினார். அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

புதன்கிழமைகளில் மாலை ஜெபத்துக்குப் பிறகு என் வீட்டில் வாசிப்பேன். நிறையப் பேர் வந்தார்கள். செசிலியா முதலில் வந்து பாய் விரிப்பாள். புருஷன் இல்லாதவள். லைட்ஹவுஸ் குப்பத்தில் அங்கமுத்துவின் வலையிலிருந்து மீன் பிரித்தெடுக்கும் கூலி வேலை. அதில் மகள் பெனிட்டாவைப் பொன்னேரியில் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“புள்ளையா இருக்க சொல்லோ சாமி இன்னா பண்ணாருன்னு இத்தினி நாளா யாருமே சொல்லலியேண்ணா,” என்றாள் ஒருநாள். “உங்க பையனுக்கு அங்க தொணை இருக்குது. ரெண்டு பேரும் மண்ணுல வெளையாடுவாங்க.”

அன்றைக்குத்தான் பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

பங்குத்தந்தை ஆல்வின் நல்லவர். சின்ன வயது, நிறையப் படித்தவர். புத்தகத்தை இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். இது திருத்தூதர் எழுதியதில்லை, வெகுகாலம் கழித்து யாரோ அவர் பெயரில் எழுதியது என்றார்.

“கதை நல்லாத்தான் இருக்கு உபதேசியாரே. ஆனா சாட்சி இல்ல. இதே புத்தகத்துல, மேல வந்து இடிச்ச பையனைச் சின்ன இயேசு ஒரு வார்த்தையில சாகடிக்கிறாரு. அந்தப் பக்கத்தை ஏன் நீங்க வாசிக்கிறதில்ல?”

எதை வாசிப்பது, எதை விடுவது என்று எல்லோரும்தானே முடிவு செய்கிறார்கள்.

அந்த ஞாயிறு பிரசங்கத்தில், என் பெயரைச் சொல்லாமல், அந்தப் புத்தகம் வேண்டாம் என்றார். புதன்கிழமை செசிலியா மட்டும் வந்தாள். பெரிய பாயில் ஒரு மூலையில் உட்கார்ந்து, “வாசிங்கண்ணா,” என்றாள். எனக்கு வாசிக்க வரவில்லை. புத்தகம் பொய்யென்றால் என் மகன் அங்கே தனியாக இருக்கிறான். சாட்சி இல்லை என்ற ஒரு சொல்லே காதில் நின்றது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஒரு காலையில் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்து கை கொடுப்பது வழக்கம். அங்கமுத்து இந்து, ஆனாலும் என்னைப் பார்த்தால் சாமியைப் பற்றித்தான் கேட்பார்.

“இன்னா உபதேசியாரே, உங்க சாமி சின்னப்புள்ளையா இருக்க சொல்லோ மீன் புடிச்சாரா? அத்தப் போட்டிருக்கா புக்குல?”

“நீ புடிக்கிற லட்சணத்துக்கு அவரே வந்து தள்ளுனாதான் உன் படகு நவுரும்,” என்றாள் செசிலியா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வலைக்குள் கையை விட்டவள், “முள்ளு குத்திச்சு,” என்று விரலை உதறினாள்.

தட்டை வால் வெளியே வந்தது. அங்கமுத்து அதைக் குச்சியால் தள்ளிவிட்டு எழுந்தார். “கடல்பாம்பு. தங்கச்சி, ஏறு. மணிகண்டன் ஆட்டோ நிக்குது.”

அந்தப் பாம்பின் கடி வலிக்காது, ஃபாதர். வீங்காது. முதலில் ஒன்றுமே தெரியாது. நான் அவள் விரலைப் பிடித்து மூன்று முறை ஊதினேன். “ஒண்ணுமே இல்லண்ணா,” என்று சிரித்தாள். கரையிலிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்படி அவர்கள் என்னைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஜெபம் சொல்லி முடித்துவிட்டு அனுப்புகிறேன் என்று அவளைக் கரையோரச் சிற்றாலயத்துக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். மணிகண்டன் வண்டியை அணைக்காமலே வைத்திருந்தான். அங்கமுத்து இரண்டு முறை கதவைத் தட்டினார். “உனுக்குக் கையெடுத்துக் கும்புடுறேன் உபதேசியாரே, தங்கச்சிய அனுப்பு,” என்றார். அவளே வரமாட்டேன் என்கிறாள் என்று இரண்டு முறையும் வெளியே வந்து சொன்னேன். மூன்றாவது முறை அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பொன்னேரி போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. உடனே வந்திருந்தால் மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். செசிலியா விசுவாசத்தால் மருத்துவம் வேண்டாம் என்றாள், கடைசியில் கையை உயர்த்தித் துதித்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஃபாதர் ஆல்வின் அதைத்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறார்.

நீங்கள் சோடாவைக் குடிக்கவேயில்லை.

பெனிட்டா இப்போது மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். தாயில்லாத பெண், அவளுக்கென்று ஒரு துண்டு மீனாவது எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் ஒரே கேள்வி கேட்கிறாள். “அம்மா என்னைப் பத்தி எதுனா சொல்லிச்சா மாமா?” சாமியைத் துதித்தது என்று சொல்வேன். சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் மிச்சத்தையும் சொல்கிறேன்.

பாம்பை நான் முதலிலேயே பார்த்தேன். வலையின் என் பக்கத்து முனையில், கானாங்கத்தை மீன்களுக்கு நடுவில் அசைந்தது. வழக்கமாகக் குரல் கொடுப்போம், யாராவது குச்சியால் எடுத்துக் கடலில் வீசுவார்கள். நான் குரல் கொடுக்கவில்லை. என் கையையே வலைக்குள் விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் தனக்குத் தானே சாட்சி சொன்னால் யார் ஏற்பார்கள்? விசுவாசம் உள்ள ஒருவர் வேண்டும். அந்தக் கரையில் அந்தப் புத்தகத்தை நம்பியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று முழு மனதோடு நம்பித்தான் அந்த முனையை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், “கழுத்து புடிச்சிக்கிச்சுண்ணா, போலாம்ணா,” என்றாள். இன்னும் ஒரு ஜெபம் என்றேன். அவள் இமைகள் தாழ்ந்துகொண்டே வந்தன. ஜெபத்தில் ஆழ்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். “பெனிட்டா காலேஜ்லருந்து வந்துடும்ணா. சோறு ஆக்கணும். போலாம்,” என்றாள். அப்போதே வார்த்தை குழறியது. மகளைப் பற்றி அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மூன்றாவது முறை சொல்ல நாக்கு புரளவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள். துதிக்கவில்லை, ஃபாதர். ஜன்னல் வழியே ஆட்டோ தெரிந்தது. அதைத்தான் காட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடியில் இறக்கிவைத்தேன்.

உங்கள் அறிக்கையில் இந்தக் கையை மட்டும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் நல்ல சாட்சிதான்.