மருந்துப் புட்டியின் மூடி

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். உட்கார்ந்து டீ குடிப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் துடைப்பம் பிடித்தவனுக்கு நிற்கத்தான் தெரியும்.

பெட்டி வந்ததிலிருந்து சொல்கிறேன். டிவி மாதிரி இருக்கும். அதற்குள் தூரத்து டாக்டரம்மாவின் முகம் தெரியும். வயரில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் வில்லையை நோயாளியின் முதுகில் வைத்தால், நெஞ்சு அடிப்பது அங்கே அவருக்குக் கேட்கும். எங்கள் நர்ஸம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"தொட்டுப் பாக்காம என்ன வைத்தியம்ணே? சோத்தை டிவியில பாத்தா பசி தீருமா? நீங்களே புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

நின்றேன். அதுவரை 'ஏய்' என்று கூப்பிட்டவர்கள் 'சின்ன டாக்டர்' என்றார்கள். கேலிதான். ஆனாலும் காதுக்கு இதமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், டாக்டரம்மாவுக்குப் பாம்புக் காது. தச்சர் ஒருவரின் நெஞ்சில் ஏதோ இரைகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மறுநாள் இன்னொருவரை. அலைச்சலுக்குப் பயந்து சனம் பெட்டிப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டது. "யாரும் தொடலன்னா வேற ஊருக்கு அனுப்பிடுவோம்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போனார். பெட்டி போனால் நான் மறுபடியும் 'ஏய்'.

ஆகவே சின்னதாக ஓர் ஒத்தாசை செய்தேன். கேமராவில் நோயாளியின் முகம்தான் தெரியும். நான் பின்னால் நிற்பவன். வில்லையை என் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். நோயாளியின் முதுகில் மருந்துப் புட்டியின் தகர மூடியை வைத்தேன். அதுவும் சில்லென்றுதான் இருக்கும்.

"சுத்தமா இருக்கு, வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு உடம்பில் ஒரு குறையும் கிடையாது, பாருங்கள்.

அப்புறம் கூட்டம் அலைமோதியது. "உங்க ஊர்த் தண்ணியில என்னதான் இருக்கு, எல்லாருக்கும் குதிரை நெஞ்சு" என்று டாக்டரம்மாவே சிரித்தார். மூடி வைத்து அனுப்பியவர்களில் ஒரு கொத்தனாரும் துணி தேய்ப்பவர் ஒருவரும் மட்டும் திரும்ப வரவில்லை. குணமானவன் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் நர்ஸம்மாவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. இடது தோளைப் பிடித்திருந்தார்.

"அண்ணே, உங்க பெட்டிகிட்ட என்னையும் காட்டுங்க. சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

இவருக்காவது வில்லையை வைக்கலாமே என்று கை ஒரு கணம் தயங்கியது. ஆனால் இத்தனை நாள் முறைத்துக்கொண்டிருந்தவர் முதல் முறையாக நம்பி வந்திருக்கிறார். இந்த நேரம் பார்த்துப் பெட்டி கெட்ட சேதி சொன்னால் நன்றாகவா இருக்கும்? மூடியை வைத்தேன்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு, களைப்புதான் சிஸ்டர். போய்ப் படுங்க" என்றார் டாக்டரம்மா.

நர்ஸம்மா எழுந்தார். "தோத்துட்டேன்ணே. நல்ல பெட்டிதான், ஒத்துக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் தலைதெறிக்க ஓடி வந்தார். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

மூடி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வைத்தது நான்தான், நர்ஸம்மாவுக்கும், அந்த இருவருக்கும், மற்றவர்களுக்கும். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மேலதிகாரிகள் எத்தனையோ கூட்டம் போட்டும் நர்ஸம்மா அந்தப் பெட்டியை ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வைத்தது நான் ஒருவன்தான்.